கால்பந்து கேமில் ஸ்லைடர் சரிசெய்வது எப்படி: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

கணினியோடு ஆஃப்லைனில் ஆடுகிறவர்களின் புகார் இரண்டே வகைதான். ஒன்று, 5-4, 6-3 என்று கோலாகக் கொட்டுகிறது. இல்லையென்றால் கணினி அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நம்மை அலையவிடுகிறது. இரண்டையும் ஸ்லைடரால் (கேம் அமைப்புகளில் வேகம், பிழை போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் எண் அளவு) பெருமளவு சரிசெய்ய முடியும். ஆனால் பலரும் கோல் எண்ணிக்கையைப் பார்த்ததும் நேராகக் கோல்கீப்பர் ஸ்லைடரில் கை வைக்கிறார்கள். கோல் என்பது ஆட்டத்தின் கடைசிக் கண்ணி. அதற்கு முன்னால் இருக்கிற ஓட்டம், இடைவெளி, பாஸ் எதுவும் சரியாகாமல் கோலை மட்டும் அடக்கினால் ஆட்டம் இன்னும் கோணலாகத்தான் போகும்.

இங்கே சொல்வது ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி வரிசைக்கும், 2023 வரை ஃபிஃபா என்ற பெயரில் வந்த அதன் பழைய பதிப்புகளுக்கும் நேரடியாகப் பொருந்தும். ஸ்லைடர்கள் 0 முதல் 100 வரை போகும், தொடக்க மதிப்பு 50. உங்கள் அணிக்கு ஒரு தொகுப்பு, கணினி அணிக்குத் தனியாக ஒரு தொகுப்பு. கோனாமியின் பெஸ் வரிசையில் (2021இல் இ-ஃபுட்பால் என்று பெயர் மாறியது) இப்படி ஸ்லைடர்கள் கிடையாது. அங்கே ஆட்ட வேகத்தை -2 முதல் +2 வரை மாற்றலாம், மற்றதெல்லாம் ரசிகர்கள் செய்து பகிரும் மாட் கோப்புகள் வழியாகத்தான். கருவி வேறானாலும் வேலையின் வரிசை அதேதான்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு அல்லது எக்செல் தாள், போனில் ஸ்டாப்வாட்ச், வாரத்துக்கு 20, 25 போட்டி ஆடும் பொறுமை. அவ்வளவுதான்.

நோட்டில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வரி. இரு அணிகளுக்கும் பாஸ் சதவீதம், ஷாட், குறியில் போன ஷாட், கோல், பந்து வைத்திருந்த விகிதம். கடைசியில் ஆடும் 20 போட்டிகளில் மட்டும், ஒவ்வொரு கோலும் விழுந்த நிமிடம். இவ்வளவு எழுதினால் போதும்.

எழுதாமல் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். கடைசியாகத் தோற்ற ஆட்டம் மட்டும் மனதில் நிற்கிறது, அதற்கு மருந்து போடுகிறார்கள். மூன்று நாள் கழித்து எந்த எண்ணை எதற்காக மாற்றினோம் என்றே தெரியாது.

2. அசையக்கூடாதவற்றை முதலில் இறுக்குங்கள்

பாதியின் நீளம், கடினநிலை, பாஸ் மற்றும் ஷாட் உதவி, வானிலை, கேமரா. இவற்றை முதல் நாளே முடிவுசெய்து, வேலை முடியும்வரை தொடாதீர்கள். இதில் எது மாறினாலும் அதுவரை எழுதிய எண்கள் வீண்.

பாதியின் நீளம் நினைப்பதைவிட முக்கியம். 6 நிமிடப் பாதி என்றால் 90 நிமிட ஆட்டத்தை 12 நிமிடத்தில் அடைக்கிறோம், கேம் கடிகாரம் 7.5 மடங்கு ஓடுகிறது. விங்கர் (ஓரமாக ஓடித் தாக்கும் வீரர்) ஒருவர் 5 வினாடி ஓடினால் கடிகாரத்தில் 37 வினாடி போய்விடும். 10 நிமிடப் பாதியில் அதே ஓட்டத்துக்கு 22 வினாடிதான். அதனால் குறுகிய பாதியில் பாஸ் எண்ணிக்கையையும் ஷாட் எண்ணிக்கையையும் நிஜப் போட்டியோடு ஒப்பிடாதீர்கள். விகிதங்களை மட்டும் ஒப்பிடுங்கள்: பாஸ் சதவீதம், எத்தனை ஷாட்டுக்கு ஒரு கோல், குறியில் போனது எத்தனை பங்கு. நேரம் இருக்கிறவர்கள் 10 நிமிடப் பாதியே வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையும் ஓரளவு நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

கடினநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. கணினி எப்போது பாஸ் போடுகிறது, எப்போது அழுத்துகிறது என்கிற முடிவெடுக்கும் திறன் பெரும்பாலும் கடினநிலையில் இருக்கிறது. ஸ்லைடர் வேகம், நிற்கும் இடம், துல்லியம் போன்றவற்றைத்தான் மாற்றுகிறது. கணினி முட்டாள்தனமாக ஆடுகிறது என்பது உங்கள் குறை என்றால் ஸ்லைடரால் பயனில்லை, நிலையை ஏற்றுங்கள். சாமர்த்தியமாக ஆடுகிறது, ஆனால் நம்ப முடியாத துல்லியத்தோடு ஆடுகிறது என்றால்தான் ஸ்லைடருக்கு வேலை.

3. எதையும் தொடாமல் 5 போட்டி

எல்லா ஸ்லைடரும் 50. ஒரே அணி, ஏறக்குறைய அதே பலமுள்ள எதிரணி, ஒரே ஃபார்மேஷன். 5 போட்டி ஆடி எண்களை எழுதுங்கள். பின்னால் ஒப்பிட இதுதான் அடிப்படை. இது இல்லாமல் பின்னால் வருகிற எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது.

5 போட்டி எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில் ஓர் அணி 300 பாஸ் போட்டு 80 சதவீதம் சேர்கிறது என்றால், ஐந்து போட்டியில் 1500 பாஸ். தற்செயலால் மட்டும் அந்தச் சதவீதம் ஒன்றிரண்டு புள்ளிதான் ஆடும். ஆகவே பாஸ் கணக்கை நம்பலாம். கோல் அப்படியில்லை. ஒரு போட்டிக்குச் சராசரி 2.7 கோல் என்றால், ஐந்தே போட்டியின் சராசரி 1.3 ஆகவும் வரலாம், 4.1 ஆகவும் வரலாம். ஸ்லைடர் துளியும் மாறாமலே இவ்வளவு ஆட்டம் காட்டும். ஐந்து ஆட்டத்தின் கோலைப் பார்த்துவிட்டு ஸ்லைடரைத் திருகுகிறவர் காற்றைத் துரத்துகிறார்.

4. ஓட்டம்: ஸ்பிரிண்ட், ஆக்ஸிலரேஷன்

முதலில் தொட வேண்டியது இதுதான். வேகம் மாறினால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் பாஸ் மாறும், பாஸ் மாறினால் ஷாட் மாறும். கீழே இருப்பதை முதலில் சரிசெய்துவிட்டு இதற்கு வந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

பயிற்சி ஆடுகளத்துக்குப் போங்கள். 105 மீட்டர் ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து பெனால்டி பகுதியின் விளிம்பு வரை 36 மீட்டர். வேகமான ஒரு விங்கரை நின்ற இடத்திலிருந்து நேராக ஓடவிட்டு ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். நிஜத்தில் வேகமான வீரர் இந்தத் தூரத்தை 5 வினாடிக்குச் சற்றுக் குறைவாகக் கடப்பார். பிறகு அணியிலேயே மெதுவான சென்டர்பேக்கை (நடுத் தடுப்பு வீரரை) அதே தூரம் ஓடவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று முறை, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எண்களையும் விட அவற்றின் இடைவெளிதான் முக்கியம். அரை வினாடி வித்தியாசம் என்றால், அந்த வேகத்தில் ஏறக்குறைய 4 மீட்டர். விங்கர் டிஃபண்டரைக் கடந்துவிட்டார் என்பதற்கு அது போதும். இடைவெளி கால் வினாடிக்குள் சுருங்கினால் யாரை இறக்கினாலும் ஒரே மாதிரி இருக்கும். முக்கால் வினாடியைத் தாண்டினால் ஒரே ஒரு வேகமான வீரரை வைத்துக்கொண்டு எல்லாப் போட்டியையும் ஜெயிக்கலாம்.

இங்கே எல்லாரும் செய்கிற தவறு, ‘நிஜம் போல இருக்கட்டும்’ என்று ஸ்பிரிண்டை 30 வரை இறக்குவது. ஆட்டம் நிதானமாகத் தெரியும், உண்மை. ஆனால் வேகத்துக்காகவே வாங்கிய வீரரின் மதிப்பு போய்விடும். ஆட்டம் ஒட்டுமொத்தமாக அவசரமாகத் தோன்றுகிறது என்றால் முதலில் கேம் ஸ்பீடை ‘ஸ்லோ’வுக்கு மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 2 புள்ளி மட்டும், இரு அணிக்கும் ஒரே அளவில் குறையுங்கள்.

5. இடைவெளி: மார்க்கிங், லைன் ஹைட், லைன் லெங்த், லைன் விட்த், ரன் ஃப்ரீக்வென்சி

அணி எவ்வளவு பரந்து நிற்கிறது, தடுப்பு வரிசை எவ்வளவு மேலேறுகிறது, வீரர்கள் எதிராளியை எவ்வளவு ஒட்டி நிற்கிறார்கள் என்பதை இவை முடிவுசெய்கின்றன. ஸ்கோரில் நேராகத் தெரியாததால் புதியவர்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. என் கணிப்பில், ஆட்டத்தின் உணர்வை மிகவும் மாற்றுவது இவைதான்.

பார்க்க வேண்டிய இடம் நடுக்களம். போட்டியை நிறுத்தி, ரீப்ளேயில் கேமராவை மேலே தூக்குங்கள். எதிரணியின் தடுப்பு வரிசைக்கும் மிட்ஃபீல்டர் வரிசைக்கும் நடுவே உங்கள் ஆள் தனியாக நின்று, பந்தை வாங்கித் திரும்ப இடம் இருக்கிறதா? ஒவ்வொரு தாக்குதலிலும் இருக்கிறது என்றால் அணி நீளவாக்கில் இழுபட்டுக் கிடக்கிறது. லைன் லெங்தைக் குறைத்துப் பாருங்கள். ஒருபோதும் இல்லை, எங்கே வாங்கினாலும் இருவர் மேலே விழுகிறார்கள் என்றால் மார்க்கிங் அதிகம்.

லைன் ஹைட்டை ஏற்றும்போது மட்டும் எச்சரிக்கை. வரிசை மேலேறினால் அதன் பின்னால் காலியிடம் பெருகும், உடனே நான்காவது கட்டத்தில் சரிசெய்த வேக இடைவெளிக்கு வேலை அதிகமாகும். இரண்டு போட்டியில் மூன்று நான்கு முறை கோல்கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றை வாய்ப்பு வந்தால் வரிசையை இறக்குங்கள், ஸ்பிரிண்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

ரன் ஃப்ரீக்வென்சி கூடினால் நிறையப் பேர் முன்னால் ஓடுவார்கள். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். பந்து பறிபோனதும் பின்னால் ஆளே இருக்காது.

6. பந்து: பாஸ் எரர், பாஸ் ஸ்பீட், ஃபர்ஸ்ட் டச் எரர்

‘கணினி ஏமாற்றுகிறது’ என்கிற புகாரில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் தீரும்.

நண்பர் ஒருவர் தொடர்ந்து 4-1, 3-0 என்று தோற்றுக்கொண்டிருந்தார். தன் கோல்கீப்பரை 65க்கு ஏற்றினார், கோல் குறைந்தது. பிறகு தானும் கோல் போட முடியவில்லை என்று தன் ஷாட் எரரை 35க்கு இறக்கினார். பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று கணினியின் ஸ்பிரிண்டை ஏற்றினார். ஒரு மாதத்தில் பதினான்கு ஸ்லைடர் இடம் மாறியிருந்தது, ஆட்டம் மட்டும் சரியாகவில்லை. எல்லாவற்றையும் 50க்குக் கொண்டுவந்து ஐந்து போட்டி ஆடச் சொல்லி எண்களைப் பார்த்தோம். மூன்றாம் டிவிஷன் கணினி அணி 91 சதவீதம் பாஸ் சேர்க்கிறது! அவரோ 76. நிஜத்தில் பெரிய லீக்குகளிலேயே சராசரி அணி 80 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், கீழ் டிவிஷன்களில் அதற்கும் குறைவு. கணினி பந்தை விடவே இல்லை. விடாதவன் ஷாட் அடிக்கத்தானே செய்வான்? கோல்கீப்பர் மேல் குற்றமே இல்லை. கணினியின் பாஸ் எரரை மட்டும் 50லிருந்து 60க்கு இரண்டு தவணையாக ஏற்றினோம். சதவீதம் 84க்கு வந்தது, அவர் எதிர்கொண்ட ஷாட் தானாகவே குறைந்தது.

செய்ய வேண்டிய முறை இதுதான். பாஸ் எரரை 5 புள்ளி மாற்றுங்கள், மூன்று போட்டி ஆடுங்கள், சதவீதத்தை எழுதுங்கள். மேல் டிவிஷன் என்றால் 80 முதல் 86, கீழ் டிவிஷன் என்றால் 70களின் நடுப்பகுதி என்று குறி வைத்துக்கொள்ளலாம். எரர் ஏறினால் பந்து பறிபோவது கூடும், கவுண்டர் அட்டாக் கூடும், உங்கள் ஷாட்டும் கூடும். அதைக் கண்டு பதறாதீர்கள், ஷாட் பிறகு வருகிறது.

ஃபர்ஸ்ட் டச் எரரை இதற்குப் பிறகே தொடுங்கள், இரண்டையும் சேர்த்து ஏற்றாதீர்கள். பாஸ் தவறுவதும் வாங்கும்போது பந்து காலிலிருந்து எகிறுவதும் திரையில் ஒன்றுபோலத் தோன்றும். எது காரணம் என்று பிரிக்கவே முடியாமல் போய்விடும். பந்து சரியாக ஆளிடம் வந்து, கால் பட்டபின் ஒரு மீட்டருக்கு மேல் விலகுகிறதா என்று ரீப்ளேயில் பாருங்கள். நல்ல மிட்ஃபீல்டருக்கும் அடிக்கடி அப்படி நடந்தால் ஏற்றியது அதிகம்.

பாஸ் ஸ்பீடைக் குறைத்தால் நடுவில் வெட்டுவது சுலபமாகும். எரரை ஏற்ற மனமில்லாதவர்களுக்கு இது மென்மையான வழி.

7. ஷாட் எரர், ஷாட் ஸ்பீட்

இதுவரை வந்தபிறகுதான் ஷாட்டைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் எத்தனை ஷாட், எவ்வளவு தூரத்திலிருந்து என்பதெல்லாம் மேலே செய்த வேலையின் விளைவு.

நிஜக் கால்பந்தில் தோராயமாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல், மூன்றில் ஒரு ஷாட் குறியில் போகிறது. கேமில் பொதுவாக இரண்டு விகிதமும் அதிகமாகத்தான் இருக்கும், நாம் நல்ல இடம் கிடைக்காமல் அடிப்பதில்லையே. பத்துக்கு ஒன்று என்று பிடிவாதம் பிடிக்காமல் ஆறு அல்லது ஏழுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது நியாயம்.

குறியில் போகும் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் ஷாட் எரரை ஏற்றுங்கள். பங்கு சரி, ஆனால் குறியில் போனதெல்லாம் கோல் என்றால் எரரில் கை வைக்காதீர்கள், அது அடுத்த கட்டம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் இல்லை.

பெட்டிக்கு (பெனால்டி பகுதிக்கு) வெளியிலிருந்து விழும் கோல்களைத் தனியாகக் குறியுங்கள். தூரத்து ஷாட் மட்டும் அதிகமாக உள்ளே போனால் ஷாட் ஸ்பீடை 2 புள்ளி இறக்கிப் பாருங்கள். பெட்டிக்குள் அடிப்பது அதனால் பெரிதாக மாறாது, தூரத்தில்தான் கோல்கீப்பருக்கு நேரம் கிடைக்கும்.

8. கோல்கீப்பர்

கடைசி, மிகச் சிறிய மாற்றம். 50லிருந்து 5 புள்ளிக்கு மேல் நகர்த்த வேண்டிய தேவை வந்தால், மேலே எங்கோ ஒரு கட்டத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஏற்றிவிட்டால் ஒரு பக்க விளைவு உண்டு. கோல்கீப்பர் எட்டிப் பிடிக்கும்போது பந்து கார்னருக்குத் தட்டப்படுவதும், ரீபவுண்டாக எதிரில் விழுவதும் கூடும். நேர்க் கோல் குறைந்து ரீபவுண்ட் கோல் பெருகும், அதைப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருக்கும்.

9. காயம்

பாதி குறுகியதாக இருந்தால் இஞ்சுரி ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் ஏற்றலாம், இல்லையென்றால் மாற்று வீரர்களுக்கு வேலையே வராது. இஞ்சுரி சிவியரிட்டியை (காயத்தின் தீவிரத்தை) அப்படியே விடுங்கள். கேரியர் மோடில் (ஓர் அணியைப் பல சீசன் நடத்தும் ஆட்டமுறை) முழு சீசன் ஆடினால்தான் இதன் பலன் தெரியும், நான்கு போட்டியில் முடிவுசெய்ய முடியாது.

10. இரு தொகுப்பையும் எப்போது பிரிப்பது

நான்காம், ஐந்தாம் கட்டங்களில் இரு அணிக்கும் ஒரே எண். கட்டாயம். உங்கள் விங்கர் ஓடும் வேகமும் கணினி விங்கர் ஓடும் வேகமும் வேறானால் அது வேறு விளையாட்டு. வீரரை வாங்குவது, விற்பது எல்லாம் பொய்யாகிவிடும்.

பாஸிலும் ஷாட்டிலும் பிரிக்கலாம். கணினிக்குக் கை நடுங்காது, கன்ட்ரோலர் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தடுமாறாது. அதனால் கணினியின் எரர் உங்களுடையதைவிட 5 முதல் 10 புள்ளி அதிகமாக இருப்பதில் தவறில்லை. நீங்கள் மேனுவல் பாஸ் (கேமின் உதவி இல்லாமல் நீங்களே குறிபார்க்கும் முறை) பயன்படுத்துகிறவர் என்றால் உங்கள் பக்க எரரைத் தொடவே வேண்டாம், உங்கள் விரலே போதுமான அளவு பிழை செய்யும்.

11. 20 போட்டி ஆடிப் பார்ப்பது

இப்போது எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 20 போட்டி. பத்து சம பலத்தோடு, ஐந்து உங்களைவிடப் பலமான அணியோடு, ஐந்து பலவீனமான அணியோடு. சம பலத்தோடு மட்டும் சோதித்தால், கேரியர் மோடில் முதல் கோப்பைப் போட்டியிலேயே எல்லாம் உடையும்.

கோல் சராசரியைப் பார்க்க வேண்டியது இங்கேதான். இருபது போட்டிக்குச் சராசரி 2 முதல் 3.4 வரை வந்தாலும் அது 2.7ஐச் சுற்றிய சாதாரண ஊசலாட்டம்தான். எந்த எண்ணைக் குறி வைப்பது என்பது உங்கள் ரசனை. 2022 உலகக் கோப்பையில் 64 போட்டிக்கு 172 கோல், அதாவது 2.69. பிரீமியர் லீக்கின் 2023-24 சீசனில் 380 போட்டிக்கு 1246 கோல், 3.28. இரண்டும் நிஜக் கால்பந்துதான்.

பலவீனமான அணியோடு ஐந்தில் ஐந்தும் ஜெயிப்பது பிரச்சினையில்லை. ஐந்திலும் நான்கு கோல் வித்தியாசம் என்றால், அவர்கள் பந்தைக் காப்பாற்றவே முடியாத அளவுக்குக் கணினி பாஸ் எரரை ஏற்றியிருக்கிறீர்கள். 2 புள்ளி இறக்குங்கள்.

கடைசி நிமிடக் கோல் பற்றியும் சொல்ல வேண்டும். ‘89ஆவது நிமிடத்தில் எப்போதும் போடுகிறான், எல்லாம் முன்பே எழுதி வைத்த கதை’ என்று சொல்லாதவர் கிடையாது. நிஜத்திலும் கடைசிக் கால் மணியில்தான் கோல் அதிகம் விழும், கால்கள் தளர்ந்திருக்கும், தோற்கும் அணி எல்லாரையும் முன்னால் அனுப்பும். நோட்டில் நிமிடம் எழுதச் சொன்னது இதற்குத்தான். எண்ணிப் பாருங்கள், உங்கள் கடைசி நிமிடக் கோல்களும் அந்தப் பட்டியலில் இருக்கும், அவை மறந்துபோயிருக்கும்.

12. அப்டேட் வந்த பிறகு

அப்டேட்டுக்குப் பிறகு ஸ்லைடர் எண் அதேதான் இருக்கும், அதன் பொருள் மாறியிருக்கலாம். அதனால் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் கேமின் பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

புதிய அப்டேட் வந்ததும் முதலில் கேரியர் மோடின் உள்ளே போய் எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள், சில நேரம் எல்லாம் 50க்குத் திரும்பியிருக்கும். பிறகு 36 மீட்டர் ஓட்டத்தை மறுபடி பிடியுங்கள். பிறகு மூன்று போட்டி, பாஸ் சதவீதம் மட்டும். இரண்டும் பழைய எண்ணோடு ஒத்துப்போனால் ஸ்லைடரைத் தொடாமல் சீசனைத் தொடரலாம். ஓட்டத்தின் நேரம் மாறியிருந்தால் நான்காம் கட்டத்திலிருந்து, பாஸ் மட்டும் மாறியிருந்தால் ஆறாம் கட்டத்திலிருந்து.